வீல் கப்பில் தெரிந்தவள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. ஒரு பொய்யிலிருந்து கிடைத்தது. பொய் சொன்னது நானில்லை.

தெருவோரம் நிறுத்தியிருந்த என் காரை யாரோ பின்னால் இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு சர்வேயர் அம்மாள் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. பம்பரைத் தடவினார், குனிந்தார், நாலு பக்கமும் படம் எடுத்தார். கையெழுத்துப் போடுவதற்காக வீட்டுக்குள் கூப்பிட்டேன். கூடத்துச் சுவரில் என் அப்பாவின் இளவயதுப் படம் மாட்டியிருக்கிறது. யாருடைய காரிலோ சொந்தக்காரர் மாதிரி சாய்ந்து நிற்பார். அதைப் பார்த்ததும் அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. மறுகணமே சுடுபாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி பார்வையை இழுத்துக்கொண்டார்.

"இது என்ன வண்டின்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"தெரியாது சார்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. கையெழுத்து வாங்காமலே படியிறங்கிப் போய்விட்டார்.

நாள் முழுக்க கார்களையே பார்த்துப் பிழைக்கிறவர், பயத்தில் சொன்ன பொய் அது. பயந்தவர்களைத் தொந்தரவு செய்யாமல் விடுவது மனிதத் தன்மை. பின்னாலேயே போய் ஏன் பயம் என்று கேட்பது எழுதுகிறவன் புத்தி. இரண்டாம் முறை ஆய்வுக்கு வந்தபோது கேட்டேன், மழுப்பினார். மூன்றாம் முறை வந்தபோது, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி, ஒன்றரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னார்.

"எழுதணும்னா எழுதுங்க. ஆனா வண்டியை மாத்திடுங்க. நிறம், வளைவு, பட்டை, எதுவுமே அதுவா இருக்கக் கூடாது."

மாற்றிவிட்டேன். நீங்கள் கார் விஷயம் தெரிந்தவராக இருந்தால், இதில் வரும் வண்டியை அடையாளம் கண்டுபிடிக்க முயலாதீர்கள். தோற்றுப்போவீர்கள். தோற்றுப்போக வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் ஒரு வாரம் போயிற்று.

முதல் முயற்சி: "அவள் வாசலைத் தாண்டும்போது அவன் ஏற்கெனவே உள்ளே"

[வேண்டாம். இது நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்தக் கதையே வேறு.]

இரண்டாம் முயற்சி: "உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள் உண்டு. பழைய படத்தில் முகங்களைப் பார்ப்பவர்கள் ஒரு வகை, முகங்களுக்குப் பின்னால் நிற்கும் வண்டியைப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை."

[கெட்டிக்காரத்தனம். அடித்துவிட்டேன். நீங்கள் படிக்கும்படியாகவே அடித்திருக்கிறேன் என்பது என் பலவீனம்.]

மூன்றாம் முயற்சி, கீழே இருப்பது. கதைக்குள் அந்த அம்மாளை "அவள்" என்று எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். "அவர்" என்றால் ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது. இந்தக் கதையைத் தள்ளி நின்று எழுத முடியவில்லை.

3

பழைய படங்களில் தெரியும் கார்களை அடையாளம் சொல்கிற ஒரு குழு இணையத்தில் இருந்தது. யார் யாரோ தாத்தாவின் கல்யாணப் படத்தையும், அத்தையின் பட்டமளிப்புப் படத்தையும் போடுவார்கள். ஓரத்தில் ஒரு விளக்கு, ஒரு கதவுப்பிடி, பாதி சக்கரம் தெரியும். "எந்த வண்டி, எந்த வருஷம்?" என்பார்கள். அந்தக் குழுவில் அவளுக்கு மட்கார்டு அக்கா என்று பெயர். மட்கார்டு மட்டும் தெரிந்தால் போதும், மீதி வண்டியை அவள் சொல்லிவிடுவாள்.

பின் கண்ணாடி நடுவில் பிளந்திருந்தால் அந்த 'வண்டு' கார் ஐம்பத்து மூன்றுக்கு முந்தியது. முட்டை வடிவக் கண்ணாடி என்றால் ஐம்பத்தேழு வரைக்கும். திரும்புவதற்கு அடையாளமாகக் கதவுத் தூணிலிருந்து கை மாதிரி ஒன்று நீளுகிறதா, விளக்கு கண் சிமிட்டுகிறதா? முன் கண்ணாடி ஒரே துண்டா, இரண்டா? எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மூத்தவள் யார் என்று அறுபது வயதிலும் அடித்துக்கொண்டிருந்த இரண்டு அக்கா தங்கைகளின் வழக்கை, தொட்டிலுக்குப் பின்னால் நின்ற ஒரு வண்டியின் விளக்கை வைத்துத் தீர்த்து வைத்தவள் அவள். வண்டி பிறப்பதற்கு முன்னால் வண்டியோடு படம் எடுக்க முடியாதல்லவா?

அவள் கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்: "எங்க கல்யாணப் படத்துல நான் எந்தப் பக்கம் நிக்கறேன்னு கேளுங்க, தெரியாதும்பா. மாலை போட்ட கார்ல முன்பக்கம் எத்தனை கம்பின்னு கேளுங்க, டாண்ணு சொல்லுவா."

* அவளுக்கு இதில் பெருமை இருந்தது. "பெருமைன்னு எழுதுங்க சார், மறைக்காதீங்க," என்றார். "அது இல்லாம இருந்திருந்தா வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன்."

4

'பழைய ஆல்பம்' என்ற பெயரில் ஒருவன் குழுவில் சேர்ந்தான். வாரத்துக்கு ஒன்றாக நாலு படங்கள் போட்டான். அம்மாவின் ஆல்பம் என்றான். நாலும் அசல் பழைய படங்கள். எல்லாவற்றுக்கும் அவள்தான் பதில் சொன்னாள். ஒவ்வொரு முறையும் பணிவாக நன்றி சொல்லுவான். "நீங்க மட்டும் இல்லேன்னா அம்மாவோட பாதி வாழ்க்கை எனக்குத் தெரியாமலே போயிருக்கும் அக்கா" என்று எழுதினான். அதைக் கணவரிடம் படித்துக் காட்டினாள்.

ஐந்தாவது படத்தைக் குழுவில் போடவில்லை. ஒரு வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், அவளுக்கு மட்டும் தனியாக அனுப்பினான்.

கறுப்பு வெள்ளை. மங்கல், புள்ளி, கீறல் எல்லாம் இருந்தன. ஐந்தாறு வயதுப் பெண்குழந்தை ஒரு குட்டைச் சுவரின்மேல் நின்று சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு வண்டியின் முன்பாதி. மட்கார்டு அக்காவுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. யானைக்குட்டி!

[இங்கே அந்த வண்டியின் பெயரை எழுதி, அடித்து, அடித்தது தெரியாதபடி வேறு தாளில் எழுதினேன். யானைக்குட்டி என்பது நான் வைத்த பெயர்.]

"அறுபது அல்லது அறுபத்தொண்ணு தம்பி," என்று எழுதினாள். "ரொம்ப அபூர்வமான வண்டி."

"அம்மாவுக்கு இப்ப உடம்பு ரொம்ப முடியலைக்கா. இந்த வண்டியில ஒரே ஒரு தடவை உக்காரணும்னு ஆசைப்படறாங்க. இதே மாதிரி வண்டி இப்ப யார்கிட்டயாவது இருக்குமா?"

யாருக்குத்தான் மனசு இளகாது? நாடு முழுக்க ஓடுகிற நிலையில் மூன்றே மூன்று யானைக்குட்டிகள்தான் இருந்தன. மூன்றையும் பழைய கார் ஊர்வலத்தில் அவள் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறாள். படத்தை இன்னொரு முறை பார்த்தாள். விளக்கைச் சுற்றியிருந்த வளையம் ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருந்தது.

"இதே மாதிரி என்ன தம்பி, இதே வண்டிதான்! அந்த வளைய நசுங்கலை எனக்குத் தெரியும். இப்போ ஒரு பல் டாக்டர்கிட்ட இருக்கு," என்று எழுதினாள். எந்த ஊர் என்று எழுதினாள். ஊர்வலத்தில் கேள்விப்பட்டபடி, பஸ் நிலையத்துக்குப் பின்னால், பழைய கிளினிக் பலகை இன்னும் தொங்கும் வீடு என்றும் எழுதினாள்.

உடனே பதில் வந்தது.

"ரொம்ப நன்றிக்கா. இத்தனை மாசமாத் தேடினேன்."

5

சோற்றில் கைவைத்தபடி அந்த வரியை மறுபடி படித்தாள். மாசமாத் தேடினேன். அம்மாவின் ஆல்பத்தில் இருக்கும் படத்தை எதற்குத் தேட வேண்டும்? வண்டியைத் தேடினான் என்றால், முதல் வாரமே இந்தப் படத்தை அல்லவா போட்டிருக்க வேண்டும்?

கையைக் கழுவிவிட்டு வந்து படத்தைப் பெரிதாக்கினாள். பொய்யான விபத்துகளைக் கண்டுபிடிக்க அவள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சேதத்தைப் பார்ப்பதற்கு முன்னால், பளபளப்பான இடங்களைப் பார்க்க வேண்டும். வண்டியின் கண்ணாடியும், சக்கரத்தின் நடுவை மூடும் வீல் கப்பும் தங்களுக்கு எதிரே நிற்பதை மறைக்கத் தெரியாதவை.

வீல் கப் உப்பலாக, துடைத்து வைத்த கிண்ணம் மாதிரி இருந்தது. அதற்குள் வளைந்து, சிறுத்து, படம் எடுக்கிறவள் தெரிந்தாள். ஒரு பெண். ஒரு கையை இடுப்பில் வைத்திருந்தாள். இன்னொரு கையை முகத்துக்கு நேரே நீட்டியிருந்தாள். அந்தக் கையில் மெல்லிய, தட்டையான ஒரு செவ்வகம்.

அறுபத்தொன்றில் யாரும் அப்படிப் படம் எடுக்கவில்லை.

படம் பழையது இல்லை. போன மாதமோ, அதற்கு முந்திய மாதமோ எடுத்தது. நிறத்தை உருவிக் கீறல் போட்டிருக்கிறான். சுவரில் நிற்கும் குழந்தை இன்றைக்கு இருக்கிற குழந்தை. அவன் தேடியது வண்டியை இல்லை.

* இந்த இடத்தில் அவள் ஒரு தப்புச் செய்தாள். அதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "எடுத்தீங்கன்னா மொத்தக் கதையையும் எடுத்துடுங்க," என்றார்.

அவனுக்கு எழுதினாள்: "இந்தப் படம் யார் எடுத்தது தம்பி?"

"எங்க அப்பாதான்."

"வீல் கப்ல ஒரு பொம்பளை தெரியறாங்களே."

நீலக்குறி விழுந்தது. படித்துவிட்டான். எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறான் என்று காட்டியது. பிறகு 'பழைய ஆல்பம்' என்ற பெயரே அங்கே இல்லை. அவள் எழுதிய விலாசத்தை அவள் அழித்தாள். குதிரை ஓடின பிறகு லாயத்தைப் பூட்டின கதைதான்.

6

இந்தப் பகுதியில் அவனுக்கு ஒரு பக்கம் எழுதினேன். சின்ன வயசில் அவனை யார் அடித்தார்கள், தனியாகச் சாப்பிடும்போது எதிர் நாற்காலியை எப்படிப் பார்ப்பான், அந்த நாலு பழைய படங்களை எந்தக் கடையில் பொறுக்கினான், என்றெல்லாம். நன்றாக வந்தது. படிக்கப் படிக்க அவன்மேல் இரக்கம் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மட்கார்டு அக்காவின் மனசை இளக வைத்ததும் இதே வித்தைதானே? கிழித்துப் போட்டேன். இந்தக் கதையில் அவனுக்கு அவன் பேசிய சில வரிகளுக்கு மேல் கிடையாது.

7

பல் டாக்டரின் எண்ணை, பழைய கார்ச் சங்கத்துச் செயலாளரைப் பிடித்து வாங்கினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஏழு முறை.

காவல் நிலையத்துக்குப் போன் செய்தாள்.

"என்ன நடந்துச்சு மேடம்?"

"இன்னும் எதுவும் நடக்கலை. நடக்கப் போகுதுன்னு பயமா இருக்கு."

"அந்தப் பொண்ணு யாரு?"

"தெரியாது."

"அந்த ஆளு?"

"தெரியாது."

"வண்டி மட்டும் தெரியும்?"

"ஆமா."

எதிர்முனையில் பேனா மூடுகிற சத்தம் கேட்டது. "ஏதாவது நடந்தா உடனே கூப்பிடுங்க மேடம்."

கணவரின் கடைக்கு ஓடினாள். மூச்சு வாங்க அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் ஒரு மாத்திரை அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். முதலில், "உனக்கு எதையும் பெருசு பண்ற புத்தி," என்றார். பிறகு வீல் கப்பைப் பார்த்தார். இரண்டு நிமிஷம் பார்த்திருப்பார். ஷட்டரை இறக்கினார்.

மூன்று மணி நேர ஓட்டம். அவள்தான் ஓட்டினாள். சாலையில் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் வருஷம் சொல்லிக்கொண்டே போகிறவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. முந்திப் போகிற காரிலெல்லாம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் பார்த்தாள். அவனுக்கு என்ன வயது, எங்கிருந்து கிளம்பினான், மூன்று மணி நேர தூரத்தில் இருக்கிறானா மூன்று தெரு தள்ளி இருக்கிறானா, எதுவும் தெரியாது. முகம் தெரியாத ஒருவனுக்குப் பயப்படுவதில் ஒரு சங்கடம் உண்டு. எல்லா முகத்துக்கும் பயப்பட வேண்டும்.

"அவன் நல்லவனாவே இருந்து, நிஜமாவே அம்மாவுக்காகக் கேட்டிருந்தா?" என்றார் கணவர்.

"அப்படின்னா நாம பைத்தியக்காரங்க. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்," என்றார் அவர். "சாமி, நாம பைத்தியக்காரங்களாவே இருக்கணும்."

8

ஐந்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது அந்த வீட்டு வாசலில் நின்றார்கள். கிளினிக் பலகை அவள் எழுதிய மாதிரியே தொங்கியது.

பல் டாக்டருக்கு எண்பது வயது இருக்கும். பகல் தூக்கத்துக்காகக் கழற்றிய காதுக் கருவியை அப்போதுதான் மாட்டிக்கொண்டு வந்தார். இரும்பு கேட்டைத் திறக்கவில்லை.

"இங்க ஒரு பொண்ணும் குழந்தையும் குடியிருக்காங்களா டாக்டர்?"

"இல்லையே. நான் ஒருத்தன்தான்."

அவருக்குப் பின்னால், திறந்திருந்த முன்னறையில், பழைய பல் வைத்திய நாற்காலி இருந்தது. அதில் சாய்ந்து படுத்தபடி ஒரு பெண்குழந்தை நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். டாக்டரும் மட்கார்டு அக்காவும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் பார்த்தார்கள். டாக்டர் நகர்ந்து கதவை மறைத்துக்கொண்டார்.

"போயிடுங்க," என்றார். குரல் நடுங்கியது. "யார் அனுப்பினாங்கன்னு தெரியும். போயிடுங்க, இல்லேன்னா தெருவைக் கூப்பிடுவேன்."

* இவ்வளவு நல்ல வீட்டுக்காரரை வாசகர்கள் நம்புவார்களா என்று எனக்குச் சந்தேகம். கொஞ்சம் சிடுசிடுப்பைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்க்கவில்லை. பயந்துகொண்டே வழிமறித்து நின்ற ஒரு கிழவருக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அவள் கேட் கம்பிகளுக்கு நடுவே செல்போனை நீட்டினாள். "டாக்டர், என்னை யாரும் அனுப்பலை. நான்தான் காட்டிக் கொடுத்தவ. இந்தப் படத்தைப் பாருங்க. உங்க வண்டி. இது எந்த ஊர், யார் வீடுன்னு தெரியாத்தனமா ஒருத்தனுக்குச் சொல்லிட்டேன்."

அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"மத்தியானம், தூங்கப் போறதுக்கு முன்னால, கிளினிக் நம்பருக்கு ஒருத்தர் போன் பண்ணினார்," என்றார். "ரொம்ப மரியாதையாப் பேசினார். அம்மாவுக்கு முடியலை, வண்டியைப் பார்க்கணும்னார். வரச் சொல்லிட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சரைக்கு."

9

குழந்தையோடு மாடியில் குடியிருந்தவள் ஒரு பேக்கரியில் கேக்குக்கு அலங்காரம் செய்கிறவள். ஐந்து அடித்து ஐந்து நிமிஷத்துக்கு நடந்து வந்தாள். சட்டைக் கையில் சர்க்கரைப் பாகு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. வாசலில் தெரியாத காரையும் தெரியாத இரண்டு பேரையும் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். ஓடவில்லை, கத்தவில்லை. கண்கள் மட்டும் குழந்தையைத் தேடின.

"நீ இந்தப் படத்தை யாருக்கு அனுப்பினேம்மா?" என்று கேட்டாள் மட்கார்டு அக்கா.

"எங்க அண்ணனுக்கு மட்டும். பாப்பா பிறந்தநாளுக்கு." பிறகு, மெதுவாக, "அவரு அண்ணன்கிட்ட எப்பவும் நல்லாத்தான் பேசுவாரு. அண்ணன் நம்பிக் கொடுத்திருப்பான்," என்றாள்.

யார் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெண் அழுவாள், மயங்குவாள் என்று நினைத்திருந்தார்கள். மாடிக்குப் போனாள். நாலு நிமிஷத்தில் ஒரு பையோடு இறங்கி வந்தாள். கதவுக்குப் பின்னால் ரெண்டு வருஷமாகத் தயாராக இருந்த பை. பிறப்புச் சான்றிதழ், பல்துலக்கி, ஒரு ஜோடி செருப்பு. "மூணு மாசத்துக்கு ஒரு தடவை உள்ள இருக்கற துணியை மட்டும் மாத்துவேன்," என்றாள். "பாப்பா வளர்றா இல்லையா, அதுக்காக."

[இந்த வரி அந்த அம்மாள் சொன்னபடியே இருக்கிறது. இதற்கு மேல் நான் எதையும் சேர்க்கவில்லை.]

டாக்டரையும் கூட வரச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். "நான் இல்லேன்னா சந்தேகம் வரும். வந்தவருக்கு வண்டியைக் காட்டி, அனுப்பி வைக்கறேன். நீங்க கிளம்புங்க."

10

ஊரை விட்டு வெளியே போக ஒரே சாலை. நடுவே ஒரு குறுகல் பாலம், ஒரு வண்டிதான் போகலாம். தாயும் மகளும் பின்சீட்டில் குனிந்து படுத்திருந்தார்கள். குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துக் கிசுகிசுத்தாள்: "ஆன்ட்டி, எப்ப எழுந்திரிக்கலாம்?"

"நான் சொல்றேண்டா தங்கம்."

பாலத்துக்கு வந்தபோது எதிர்முனையில் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. விளக்கை ஒருமுறை போட்டு அணைத்தது. 'நீங்க முதல்ல வாங்க' என்ற மரியாதை. அவள் போனாள். போகாமல் இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். பாலத்தின் நீளம் முப்பது அடி இருந்தாலே அதிகம். அன்றைக்கு அது முடியவே இல்லை. காரைத் தாண்டும்போது அந்த ஆள் கையை உயர்த்தினான். கணவர் பழக்கதோஷத்தில் பதிலுக்குக் கையை உயர்த்தினார்.

அவ்வளவுதான். அவன்தானா என்று தெரியாது.

"என்ன வண்டி?" என்று நான் கேட்டேன்.

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தெரியலை சார். வெள்ளையா, சாம்பலா, பெருசா, சின்னதா, எதுவுமே ஞாபகம் இல்லை. கைக்கடிகாரத்தை உள்பக்கமாத் திருப்பிக் கட்டியிருந்தான். அது மட்டும்தான் கண்ணுல நிக்குது."

பின்சீட்டில் இருந்தவளிடம் அதை அவள் சொல்லவில்லை. சொன்னால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

மறுநாள் காலை டாக்டர் போன் செய்தார். வந்தவன் பத்து நிமிஷம் வண்டியைச் சுற்றிப் பார்த்தானாம். அம்மாவை இன்னொரு நாள் கூட்டி வருகிறேன் என்றானாம். மாடியில் யார் என்று கேட்டதற்கு, காலியாகத்தான் கிடக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போகும்போது கொல்லைப்பக்கம் பார்த்திருக்கிறான். கொடியில் ஒரு சின்ன கவுன் காய்ந்துகொண்டிருந்தது. அவசரத்தில் எல்லாரும் அதை மறந்திருந்தார்கள். போய், அதன் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தானாம்.

"இன்னும் ஈரமா இருக்கே டாக்டர்," என்றானாம். சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுப் போனானாம்.

"வாட்ச்?" என்று கேட்டாள் அவள்.

"ஆமாமா, உள்பக்கமாத் திருப்பிக் கட்டியிருந்தார். ஏன்?"

11

முடிவுகள்.

அ) போலீஸ் அவனைப் பிடிக்கிறது. [டாக்டர் புகார் கொடுத்தார். எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஈரத்துணியைத் தொட்டுப் பார்ப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை.]

ஆ) ஆறு மாதம் கழித்து ஒரு படம் வருகிறது. குழந்தை சிரிக்கிறாள். பின்னால் வெறும் வானம். [அழகாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் இனி யாருக்கும் படம் அனுப்ப மாட்டாள். அது எனக்கே தெரியும்.]

இ) அவன்

[எழுதவில்லை. எழுதினால் பலித்துவிடும் என்று ஒரு மூடநம்பிக்கை. இருக்கட்டும்.]

நடந்தது இவ்வளவு: ஓர் இடத்தில் அவர்களை இறக்கிவிட்டார்கள். கணவர் கடையைத் திறந்தார். மனைவியைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் கேலி பேசுவதை விட்டுவிட்டார். அவள் அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டாள். எந்தப் படத்தைக் காட்டி எந்த வண்டி என்று யார் கேட்டாலும், தெரியாது என்கிறாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நான் பேனாவை மூடாமல், ரொம்ப இயல்பாகத்தான் கேட்டேன்: "அப்புறம் அவங்க எங்க போனாங்க?"

அந்த அம்மாள் கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டார்.

"ஏன் கேக்கறீங்க?"

கதைக்காக என்றேன். சும்மா என்றேன். அவங்க நல்லா இருக்கணும்னுதான் என்றேன். மூன்றும் உண்மை. மூன்றையும் சொல்லச் சொல்ல, என் குரல் எனக்கே மரியாதை கூடிக்கொண்டு போவதாகப் பட்டது. நிறுத்திக்கொண்டேன்.

இவ்வளவு தூரம் கூட வந்த உங்களுக்கும் அந்தக் கேள்வி நாக்கு நுனியில் இருக்கும். நல்ல மனசோடுதான் கேட்பீர்கள். சந்தேகமே இல்லை. ஆனால் எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். ஆகவே முடிவை உங்கள் கையிலேயே விடுகிறேன். அந்தத் தாயையும் மகளையும் நீங்களே ஓர் ஊருக்குக் கூட்டிப்போய்க் குடிவையுங்கள். நல்ல ஊராகப் பாருங்கள். வாசலுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டால் வருகிறவரா, என்று விசாரியுங்கள். கொடியைச் சுவருக்கு உள்பக்கமாகக் கட்டுங்கள்.

எந்த ஊர் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.